கடைசித் திகதி போனாப் பிறகு வாற அம்மாமாருக்கு

ஆவணி தாண்டினாப் போதும், காலமைப் பிரார்த்தனை முடிஞ்சு நான் கந்தோருக்க வந்து கதிரையில இருக்க முதலே வாசலில ஆரோ நிப்பினம். ஒரு கையில போட்டோக் கொப்பி அடுக்கின பைல், மற்றக் கையில பிள்ளை. "ரீச்சர், முதலாம் வகுப்புக்கு இன்னும் எடுக்கிறீங்களோ?" இந்தக் கேள்விய ஆரம்பப் பாடசாலை அதிபரா இருந்த காலம் முழுக்கக் கேட்டிட்டன், அதுதான் எழுதுவம் எண்டு யோசிச்சன்.

கிளிநொச்சியில இருந்து யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்கு வாடகைக்கு வந்த ஒரு குடும்பம். தகப்பனுக்கு இங்க வேலை கிடைச்சு வரேக்க விண்ணப்பத் திகதி முடிஞ்சுது. ஆரோ தெரிஞ்சவர் "பெரிய பள்ளிக்கூடத்தில எடுத்துத் தாறன், கட்டிட நிதிக்குக் கொஞ்சம் குடுக்கவேணும்" எண்டு சொல்லி, அவரை நம்பி புரட்டாதி போய் மார்கழியும் போய், தவணை தொடங்கி எல்லாப் பிள்ளையளும் புத்தகப்பையோட போகேக்க இந்தப் பெடியன் மட்டும் படலையில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டவனாம். என்னட்ட வரேக்க மாசி முடியுது. தாய் அழுதா. எனக்குக் கோவம்தான் வந்தது, அவவில இல்லை, அந்தத் தெரிஞ்சவரில.

முதல்ல ஒண்டு விளங்கவேணும். பிந்தி வந்த விண்ணப்பத்தை அதிபர் "மனசு வைச்சு" எடுக்கேலாது. கல்வி அமைச்சின்ர சுற்றறிக்கைப்படி முதலாம் தரத்து இடங்கள் பங்கு பிரிச்சுத்தான் குடுக்கப்படுது, கிட்ட இருக்கிற ஆக்களுக்கு 50 வீதம், பழைய மாணவற்ற பிள்ளையளுக்கு 25, அங்க படிக்கிற பிள்ளையின்ர சகோதரங்களுக்கு 15, கல்வித்துறையில வேலை செய்யிற ஆக்களின்ர பிள்ளையளுக்கு 5, அரச வேலை இடமாற்றத்தில வந்தவைக்கு 4, வெளிநாட்டில இருந்து திரும்பினவைக்கு 1. நேர்முகம் வைச்சு, புள்ளி போட்டு, தற்காலிகப் பட்டியல் ஒட்டி, ஆட்சேபணை மேன்முறையீடு எல்லாம் கேட்டுத்தான் இறுதிப் பட்டியல் வரும். இந்த மேன்முறையீடு ஒழுங்கா விண்ணப்பிச்சுக் கிடைக்காமப் போனவைக்குத்தான், விண்ணப்பிக்காத ஆக்களுக்கு இல்லை. கனபேர் இதைப் பிழையா விளங்கி வைச்சிருக்கினம்.

அப்ப பிந்தினா ஒண்டும் இல்லையோ? இருக்கு. 2016 இல இருந்து கட்டாயக் கல்வி வயசு 5 தொடக்கம் 16. உங்கட பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம் கிடைக்கத்தான் வேணும், ஆனா நீங்கள் ஆசைப்பட்ட அந்தப் பள்ளிக்கூடம்தான் எண்டு சட்டம் சொல்லேல்ல. அதால முதல் வேலையா வீட்டுக்குக் கிட்ட இருக்கிற பள்ளிக்கூடங்களுக்கு நேர போய் அதிபரிட்டக் கேளுங்கோ. யாழ்ப்பாணத்தில ஒரு பக்கம் பேர் போன பள்ளிக்கூடத்து வாசலில சனம் நெருக்கும், மற்றப் பக்கம் முதலாம் வகுப்புக்குப் பத்துப் பிள்ளை கூடச் சேராத பள்ளிக்கூடம் எத்தினை. அங்க போனா உங்களை வரவேற்று இருத்தித் தேத்தண்ணியும் தருவினம், பகிடிக்குச் சொல்லேல்ல.

அங்கயும் சரிவராட்டி வலயக் கல்விப் பணிப்பாளருக்குக் கடிதம் எழுதிக் குடுங்கோ. வாயால சொல்லிப்போட்டு வராதேங்கோ, கடிதத்தில திகதி போட்டு ஒரு கொப்பியில "கிடைத்தது" எண்டு சீல் அடிச்சு வாங்குங்கோ. எங்கட மாவட்டத்தில யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் எண்டு 5 வலயம், மானிப்பாயில இருந்துகொண்டு யாழ்ப்பாண வலயத்தில போய் நிண்டா அலைச்சல்தான் மிச்சம். தேசியப் பாடசாலை எண்டா அது மத்திய கல்வி அமைச்சுக்குக் கீழ, பத்தரமுல்லையில இசுருபாய எண்ட கட்டிடத்தில இருக்கு, வலயத்தைப் பிடிச்சு ஒண்டும் ஆகாது.

"ஒரு வருசம் வீட்டில வைச்சிருந்து அடுத்த வருசம் ஒழுங்காப் போடுவம்" எண்டு சில தாய்தகப்பன் சொல்லுவினம். தயவுசெய்து வேண்டாம். அடுத்த வருசம் ஜனவரி 31 க்கு 5 வயசு நிரம்பின புதுப் பிள்ளையள்தான் முன்னுக்கு நிப்பினம், 6 தாண்டின உங்கட பிள்ளை மிச்ச இடத்துக்குத்தான் பாக்கவேண்டிவரும். இப்ப கிடைச்ச பள்ளிக்கூடத்தில சேர்த்துவிடுங்கோ. பிறகு எங்கட ஊரில வெளிநாட்டுக்குப் போற குடும்பங்களால இடையில இடம் வாறது சாதாரணம், ரெண்டாம் மூண்டாம் வகுப்பில எழுதிக் கேக்கலாம். அஞ்சாம் ஆண்டு புலமைப்பரிசிலுக்குப் பிறகு ஆறாம் வகுப்புக்கு வேற கதவு திறக்குது.

பிறப்புப் பத்திரம் இல்லையெண்டும் பிள்ளையை மறிச்சு வைக்காதேங்கோ. இந்தியாவில முகாமில இருந்து திரும்பின ஆக்களிட்ட இந்தப் பிரச்சினை கூட, இருக்கிற கடதாசியளோட பள்ளிக்கூடத்துக்கு வாங்கோ, பிரதேச செயலகத்துப் பதிவு வேலைய அங்கால பாக்கலாம்.

காசு கேக்கிற ஆளைக் கண்டா 1954, லஞ்ச ஊழல் ஆணைக்குழுவின்ர இலக்கம். அனுமதிக்குக் காசு வாங்கிறது எந்தப் பேரில எண்டாலும் லஞ்சம்தான். "நன்கொடை" எண்டு ரசீது எழுதித் தந்தாலும்.

அந்தப் பெடியனை வீட்டில இருந்து நடக்கிற தூரத்தில ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில சேர்த்தம், வகுப்பில அவனோட ஒன்பது பேர். ரெண்டு கிழமையில "அ" எழுதிக் காட்டினவன். போன பங்குனி தாய் போன் எடுத்தவ, "ரீச்சர், இவன்ர தங்கச்சிக்கு இப்பவே என்ன செய்யோணும்?" எண்டு. விதானையார், அதுதான் கிராம அலுவலர், வாக்காளர் பதிவுப் படிவத்தோட வாற நேரம் வீட்டில இல்லையெண்டு விடாதேங்கோ எண்டன், கிட்ட இருக்கிறதைக் காட்ட அந்த இடாப்பில இருக்கிற பேரைத்தான் முதல்ல பாப்பினம், பழைய வருசங்களையும் கணக்கெடுப்பினம். வாடகை வீடெண்டா பதியேலாது எண்டு வீட்டுக்காரர் சொன்னவராம். அது பொய். இருக்கிற இடத்தில பதியலாம்.

"அப்ப நாளைக்கே விதானையாரிட்டப் போறன் ரீச்சர்" எண்டா. போனவ.