கோலினெஸ்டரேஸ்னா என்ன? பேருக்குள்ள பித்தம் இருக்கு

காரைக்குடியில எங்க அப்பத்தாவுக்கு ஞாபகம் நழுவ ஆரம்பிச்சிருச்சு, பெட்டகச் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டே சாவி எங்கடானு கேக்குறாக. டாக்டர் டோனெபெசில் 5 மில்லிகிராம் எழுதி, இது கோலினெஸ்டரேஸ் இன்ஹிபிட்டர்னாரு. வீட்டுல வந்து சொன்னா, வளவுல வெத்தல மடிச்சுக்கிட்டிருந்த பக்கத்து வீட்டு ஆச்சி, "பித்தம் தலைக்கேறுனதுக்கு இம்புட்டு நீளப் பேரா"ன்னாக.

அந்தச் சொல்ல பிரிச்சுப் பாத்தா உள்ள நெசமாவே பித்தம்தான் இருக்கு! கிரேக்கத்துல கோலேனா பித்தம், பித்தநீர்லேருந்து பிரிச்செடுத்த பொருளுக்கு 1862ல ஸ்ட்ரெக்கர்ங்கிற ஜெர்மன்காரர் கோலின்னு பேரு வச்சாரு. மூளைக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குனு அப்ப யாருக்கும் தெரியாது, நம்ம பித்து, பித்தம் பேச்சோட ஒத்துப்போனது தற்செயல்தான். எஸ்டர்ங்கிறது அமிலமும் ஆல்கஹாலும் சேந்து உண்டாகுற பொருள், அந்தப் பேரு வினிகருக்கு ஜெர்மன்ல சொல்ற எஸிக்லேருந்து வந்தது, அசிட்டைலும் லத்தீன் வினிகர்தான், நம்ம பழைய சொல்லுல காடி. ஆக இந்தக் கோலினெஸ்டரேஸ் வெட்டுற அசிட்டைல்கோலின்ங்கிற நரம்பு ரசாயனத்தோட பேருல காடியும் பித்தமும். கடைசில நிக்கிற ஏஸ், நொதினு, அதாவது என்சைம்னு காட்டுற வால், 1833ல பேரு வச்ச டயஸ்டேஸ்ங்கிற நொதிலேருந்து வந்த வழக்கம்.

ஒரு நரம்பு அடுத்ததுக்குச் சேதி சொல்ல அசிட்டைல்கோலின விடும், சேதி போய்ச் சேந்ததும் இந்த நொதி அத அசிட்டேட், கோலின்னு ரெண்டா வெட்டிரும், கோலின நரம்பே திரும்ப உறிஞ்சி மறுபடி செஞ்சுக்கும். அல்சைமர் மாதிரி நோய்ல ஞாபகம் குறையுறவங்களுக்கு அந்த ரசாயனமே கம்மி, அதனால வெட்டுற கைய கொஞ்சம் புடிச்சு வச்சா இருக்கிறது கூட நேரம் நிக்கும், மாத்திரை பண்றது அம்புட்டுத்தான், நோய் போயிறாது. வயல்ல அடிக்கிற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்தும் இதே நொதியத்தான் புடிக்குது, ஆனா அது லேசுல விடாது, எச்சி ஒழுகி மூச்சுத் திணறும், ஆஸ்பத்திரில அட்ரோபின் போடுறது அதுக்குத்தான்.

தமிழ்ல? என்சைமுக்கு நொதி அருமையான சொல், கிரேக்க மூலமும் புளிப்பேத்துற ஈஸ்ட்டத்தான் சொல்லுது, எங்க வீட்டுல மட்டும் மாவு நொதிக்காது, பொங்கும். இன்ஹிபிட்டருக்குத் தடுப்பான். கோலினெஸ்டரேஸ அப்படியே விட்டுறலாம்னுதான் எனக்குப் படுது, பித்தக்காடி நொதினு மொழிபெயர்த்தா வயித்து மருந்துனு நெனச்சுருவாக. அதனால "கோலினெஸ்டரேஸ் நொதித் தடுப்பான்" போதும்.

முதல் வாரம் அப்பத்தாவுக்கு ஒரே குமட்டல், வயித்துலயும் அசிட்டைல்கோலின் கூடுறதால வர்றதுதான். ஆச்சி விடல, "நாஞ் சொல்லல, பித்தம்னு"!