அமெரிக்க சுதந்திரப் பிரகடனம்: குற்றப்பட்டியலிலிருந்து படியுங்கள்

1776 ஜூலை 4 அன்று ஏற்கப்பட்ட இந்த ஆவணத்தில் பலருக்கும் தெரிந்தது ஒரே வரி: எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள். தேர்வுத்தாளிலும் மேடையிலும் அதோடு முடித்துக்கொள்வார்கள். ஆனால் வாதத்தின் சுமையைத் தாங்குவது அந்த வரி அல்ல.

எலும்புக்கூட்டை மட்டும் பிரித்தெடுத்தால் மூன்று படிகள் கிடைக்கும். மக்களின் உரிமைகளை அழிக்கும் அரசை மாற்றும் உரிமை மக்களுக்கு உண்டு. பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அப்படித்தான் அழித்தார். ஆகவே அமெரிக்காவில் அவர் ஆட்சிக்குக் கீழிருந்த இந்தக் குடியேற்றங்கள் இனி சுதந்திர நாடுகள். முதல் படியை ஒருவர் ஒப்புக்கொண்டால், சண்டையெல்லாம் இரண்டாவதில்தான். 27 குற்றச்சாட்டுகள் கொண்ட பட்டியல் ஆவணத்தின் மிக நீண்ட பகுதியாக இருப்பது அதனால்தான்.

பட்டியலை உரக்கப் படித்துப் பாருங்கள். 'அவர் செய்தார்', 'அவர் மறுத்தார்' என்று வரிக்கு வரி மன்னரே எழுவாய். சட்டங்களுக்கு ஒப்புதல் மறுத்தது, சட்டமன்றங்களைக் கலைத்தது என நிர்வாகப் புகார்களில் தொடங்கி, எரிக்கப்பட்ட ஊர்கள், கூலிப்படைகள் என்று சூடு ஏறுகிறது. உடனே, 'பணிந்து முறையிட்டோம், பலனில்லை' என்கிறார்கள் குடியேற்றத்தார். அவசரப்பட்டுப் பிரிகிறார்கள் என்ற மறுப்புக்கு முன்கூட்டியே போட்ட அணை அது.

பிறகு பென்சிலை எடுத்து ஒவ்வொரு குற்றச்சாட்டின் ஓரத்திலும் யார், எங்கே, எப்போது என்று எழுதுங்கள். பெரும்பாலும் விடை இருக்காது. தேதியும் ஊர்ப்பெயரும் இல்லாத புகாரை மறுப்பது கடினம். வரி விதித்தது பிரிட்டிஷ் பாராளுமன்றம். ஆனால் அந்தப் பெயரே ஆவணத்தில் வராது. 'மற்றவர்களோடு சேர்ந்து' மன்னர் செய்ததாகத்தான் வரும். பாராளுமன்றத்துக்குத் தங்கள் மேல் அதிகாரமே இல்லை என்று அவர்கள் ஏற்கெனவே வாதிட்டுவிட்டார்கள். அறுக்க மிச்சமிருந்த கட்டு மன்னரோடு இருந்தது மட்டும்தான்.

வரைவையும் இறுதி வடிவத்தையும் அருகருகே வையுங்கள். அடிமை வணிகத்துக்காக மன்னரைச் சாடி, வரைவை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் சேர்த்திருந்த பத்தியைக் காங்கிரஸ், அதாவது குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய அவை, நீக்கியது. கடைசிக் குற்றச்சாட்டோ, மன்னர் உள்நாட்டுக் கலகங்களைத் தூண்டினார் என்கிறது. 1775 நவம்பரில் வர்ஜீனியாவில் மன்னரின் ஆளுநராக இருந்த டன்மோர், கிளர்ச்சியாளர்களின் அடிமைகள் மன்னர் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்திருந்தார். விடுதலை தருவதே இங்கே குற்றமாகிவிடுகிறது! இதைக் கண்டதும் 'வேடதாரிகள்' என்று எழுதி மூடிவிடுவது மாணவர்கள் செய்யும் வழக்கமான பிழை. வாதம் செல்லுமா என்பது ஒரு கேள்வி, அதன் கூற்றுகள் உண்மையா என்பது வேறு. இரண்டுக்கும் தனித்தனியே விடை எழுத வேண்டும்.

யாருக்காக எழுதினார்கள் என்பது கடைசிப் பத்தியில் தெரியும். போர், சமாதானம், கூட்டணி, வணிகம் என்று புதிய நாடுகளின் அதிகாரங்களை அது வரிசைப்படுத்துகிறது. கலகக்காரர்களோடு எந்த அரசும் உடன்படிக்கை செய்யாது, நாடுகளோடு செய்யும். பிரான்ஸ் 1778இல் செய்தது.

எதிர்த்தரப்பு வேண்டுமென்றால், மாசசூசெட்ஸின் முன்னாள் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் அதே 1776இல் லண்டனில் வெளியிட்ட மறுப்பைத் தேடிப் படியுங்கள். குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்கிறார். லட்சத்துக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர்களின் சுதந்திரத்தைப் பறித்து வைத்திருப்பதை எப்படி நியாயப்படுத்துவீர்கள் என்று தென்பகுதிப் பிரதிநிதிகளை அவர் கேட்டதும் அதில்தான் இருக்கிறது.