பெய்தால் விதைப்பேன், பெய்திருந்தால் விதைத்திருப்பேன்

காவிரிக் கடைமடையில் பாதிப் பேச்சு 'ஆல்' விகுதியில்தான் நடக்கிறது. மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால் குறுவை. தள்ளிப்போனால் நேரே சம்பா. முறை வைத்துத் தண்ணீர் விட்டால் நம் வாய்க்காலுக்கு எந்த நாள் என்பது தனிக் கணக்கு. திருத்துறைப்பூண்டிப் பக்கம் இந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்த என் அக்கா மகள், ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கி, நிபந்தனை வினை வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டாள். "ஆறு விகுதி, பன்னிரண்டு விதிவிலக்கு. யாரால் முடியும் மாமா?"

விகுதிகள் பெரிய தொல்லை இல்லை. எதிர்காலம் தவிர மற்றக் காலங்களில் பெரும்பாலும் ஸ்பானிஷ் வினையின் வாலை வெட்டிவிட்டு விகுதியை ஒட்ட வேண்டும். இங்கே முழு வினையும் அப்படியே நிற்கும். ஸெம்ப்ரார் என்றால் விதைத்தல். அதோடு நானுக்கு ஈயா, நீக்கு ஈயாஸ், அவருக்கு மறுபடியும் ஈயா, நாங்களுக்கு ஈயாமோஸ், ஸ்பெயினில் வழங்கும் நீங்களுக்கு ஈயைஸ், அவர்களுக்கு ஈயான். ஸெம்ப்ரரீயா: நான் விதைப்பேன், ஆனால் ஏதோ ஒன்று நடந்தால். உண்பதற்கான கொமேர் கொமெரீயா ஆகும், வாழ்வதற்கான பிபீர் பிபிரீயா ஆகும். மூன்று வினை வகைக்கும் விகுதி ஒன்றே.

இந்த ஈயா எங்கிருந்து வந்தது என்பதில்தான் சுவை. ஸ்பானிஷுக்குத் தாயான பேச்சு லத்தீனில் 'ஸெமினாரே ஹாபேபாம்' என்று இரண்டு சொல்லாகச் சொன்னார்கள். முதல் சொல் 'விதைக்க'. இரண்டாவது, 'உடைமை' குறிக்கும் வினையின் இறந்தகாலம். தமிழில் அதற்கு நேரான வினை இல்லை. ஆனாலும் 'விதைக்க இருந்தேன்' என்று நாம் சொல்வது கிட்டத்தட்ட அதேதான். நாளடைவில் ஹாபேபாம் தேய்ந்து தேய்ந்து வெறும் ஈயாவாக முந்தைய சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டது. ஆக, ஸெம்ப்ரரீயாவுக்குள் இன்றும் ஓர் இறந்தகாலம் உட்கார்ந்திருக்கிறது.

நடக்காத ஒன்றைச் சொல்ல எதற்கு இறந்தகாலம் என்று அவள் கேட்டாள். 'பெய்தால்' என்பதைப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். பெய், த், ஆல். நடுவில் இருக்கும் 'த்' பெய்தான் என்பதில் வரும் அதே இறந்தகால இடைநிலை. வந்தால், திறந்தால், எல்லாவற்றிலும் இதுதான். பெய்யாத மழையைப் பேச நாமும் நேற்றிடம்தான் கடன் வாங்குகிறோம். தொல்காப்பியம் சொல்லும் 'செயின்' வாய்பாட்டில் இந்த 'த்' கிடையாது. அது வேறு வழி.

பன்னிரண்டு விதிவிலக்குக்கு வருவோம். உடைமை குறிக்கும் தெனேர், தெனெரீயா ஆகாமல் தெந்த்ரீயா ஆகிறது. நடு உயிர் விழுந்ததும் 'ன்' 'ர்' இரண்டும் முட்டிக்கொண்டன. மூக்கு வழி போன காற்றை அடைத்துவிட்டு நாக்கு அடுத்த ஒலிக்குத் தாவும் நொடியில் இடையே ஓர் ஒலி தானாகத் தெறிக்கும். 'கன்று' என்று சொல்லிப் பாருங்கள். எழுத்தில் இல்லாத ஒரு மெல்லிய 'ட்' காதில் விழும். வரலாறு வேறு, காதுக்கு உறவு. வருவதற்கான பெனீர் பெந்த்ரீயா ஆனதும் இப்படித்தான். ஸெம்ப்ராரில் இருக்கும் 'ப்' கூட ஸெமினாரேயில் இல்லை. அதே விபத்தில் நுழைந்ததுதான். செய்வதற்கான அஸேர் அரீயா என்று குறுகியது போன்ற சிலவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். எதிர்காலத்துக்கும் இதே பன்னிரண்டு வினையடிகள்தான் என்பதால் உழைப்பு வீணாகாது.

உண்மையான சிக்கல் வாக்கியத்தில். 'ஸி' என்றால் 'ஆல்'. ஆனால் ஸிக்குப் பின்னால் ஈயா வரக்கூடாது. 'ஸி யொபியேரா, ஸெம்ப்ரரீயா': மழை பெய்தால் விதைப்பேன், ஆனால் பெய்யும் என்று தோன்றவில்லை. பெய்யக்கூடும் என்று நம்பினால் 'ஸி யுவேபே, ஸெம்ப்ரரே'. தமிழில் இரண்டுக்கும் 'பெய்தால் விதைப்பேன்' ஒன்றே. நம்பிக்கையையும் அவநம்பிக்கையையும் நாம் குரலில் வைத்துக்கொள்கிறோம், ஸ்பானிஷ்காரர் வினையில் வைத்துவிடுகிறார். இந்த விதியை மீறி ஸியோடு ஈயாவைச் சேர்த்துப் பேசுபவர்கள் ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் பகுதியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் ஏராளம். ஆசிரியர்கள் திருத்துகிறார்கள், அவர்கள் பேசிக்கொண்டேயிருக்கிறார்கள்.

நிபந்தனையே இல்லாமலும் ஈயா வரும். 'மணி மூன்று இருக்கும்' என்று உத்தேசமாகச் சொல்ல அவர்களும் நம்மைப் போல எதிர்காலத்தையே எடுக்கிறார்கள். 'அப்போது மணி மூன்று இருந்திருக்கும்' என்பதற்கு 'ஸெரீயான் லாஸ் த்ரேஸ்'. 'திறப்பார்கள் என்று சொன்னார்கள்' என்பதில் வரும் திறப்பார்களும் அவர்களுக்கு ஈயான்தான்: அப்ரிரீயான். நேற்று நின்று பார்த்த நாளை அது. கராகஸில் பிறந்த இலக்கணவாதி ஆந்த்ரேஸ் பெய்யோ 1847-இல் இதற்கு 'இறந்தகாலத்துக்குப் பிந்தையது' என்று பொருள்படப் பெயர் வைத்தார். நிபந்தனை என்ற பெயரைவிட அதுவே பொருத்தம் என்பது என் எண்ணம்.

மறுநாள் அவள் ஒரு வாக்கியம் எழுதிக் காட்டினாள். 'ஸி உபியேரா யெகாதோ எல் ஆகுவா, அப்ரீயாமோஸ் ஸெம்ப்ராதோ குறுவை.' தண்ணீர் வந்திருந்தால் குறுவை விதைத்திருப்போம். பிழை இல்லை. குறுவைக்கு ஸ்பானிஷில் என்ன என்று கேட்டாள். அப்படியே விடச் சொன்னேன்.