சுட்ட தோட்டா மறுபடி சுடும்: பித்தளைக் கூட்டின் அறிவியல்

அமெரிக்கத் துப்பாக்கி சுடும் மைதானங்களில் ஒரு காட்சி சாதாரணம். சுட்டு முடித்தவர்கள் குனிந்து, தரையில் சிதறிக் கிடக்கும் காலிப் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்து, புது மருந்தும் புதுக் குண்டும் வைத்து, மறுபடி தோட்டாவாக்கிவிடுவார்கள். இதற்கு ‘ரீலோடிங்’ என்று பெயர். சொந்த உபயோகத்துக்குச் செய்ய அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் உரிமம் தேவையில்லை; விற்பதற்குத்தான் வேண்டும். இந்தியாவில் கதையே வேறு. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். அதனால் நமக்கு இதில் கிடைப்பது வேடிக்கை பார்க்கும் உரிமைதான். ஆனால் பார்க்க வேண்டிய வேடிக்கை. உலோகவியலும் வேதியியலும் கை கோத்து வேலை செய்யும் இடம் இது.

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள். முனையில் குண்டு. அதற்குப் பின்னால் மருந்து. அடிப்பாகத்தில் ஒரு சிறு கிண்ணமாகப் பிரைமர். இவை மூன்றையும் தாங்கி நிற்கும் கூடு. விசையை இழுத்ததும் குண்டு போய்விடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, பிரைமர் ஒரே அடியில் தீர்ந்துவிடுகிறது. மிஞ்சுவது கூடு மட்டும். நான்கில் விலை அதிகமானதும் பெரும்பாலும் அதுதான் என்பதால்தான் இந்தப் பொறுக்கல்.

கூடு வெறும் டப்பா இல்லை. துப்பாக்கியின் ஊசி பிரைமரை அடிக்கும்போது உள்ளே இருக்கும் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மக் கலவை நசுங்கித் தீப்பிடிக்கிறது. அந்தத் தீ ஒரு சிறு துளை வழியாக மருந்துக்குள் பாய்கிறது. மருந்து எரிந்து வாயுவாகிறது; அழுத்தம் தாறுமாறாக ஏறுகிறது. .308 வின்செஸ்டர் என்ற பிரபலமான ரைஃபிள் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல் சுமார் 4,200 மடங்கு. கைத்துப்பாக்கிகளில் இது குறைவு: 9 மி.மீ. தோட்டாவுக்கு 35,000, பழைய .45 ஏசிபிக்கு 21,000. ரைஃபிளில்கூட எல்லாம் முடிந்து குண்டு குழலைவிட்டு வெளியேற ஒரு மில்லி நொடிக்குச் சற்று மேலே ஆகும், அவ்வளவுதான்.

இந்தச் சமயத்தில் கூடு என்ன செய்கிறது? தோட்டா சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள், கொஞ்சம் தளர்வாகத்தான் உட்கார்ந்திருக்கும். இல்லாவிட்டால் உள்ளே போகாது. அழுத்தம் ஏறியதும் கூட்டின் மெல்லிய சுவர் வீங்கி, சேம்பரின் எஃகுச் சுவரோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. சூடான வாயு பின்பக்கமாக, சுடுபவரின் முகத்துக்கு வராமல் தடுப்பது இந்த வீக்கம்தான். அடுத்த கணம் அழுத்தம் இறங்கியதும் அதே சுவர் சற்றே சுருங்கி, எஃகிலிருந்து விடுபட வேண்டும். வீங்க மறுத்தாலும் ஆபத்து, சுருங்க மறுத்தாலும் ஆபத்து.

இந்த இரண்டையும் செய்ய எல்லா உலோகங்களாலும் முடியாது. 1870களில் அமெரிக்க ராணுவம் ஸ்பிரிங்ஃபீல்ட் கார்பைன்களுக்கு (குட்டை ரைஃபிள்கள்) செம்புக் கூடுகளைப் பயன்படுத்தியது. செம்பு நன்றாக வீங்கும், திரும்பிச் சுருங்காது. துப்பாக்கி சூடேறியதும் கூடு சேம்பரில் சிக்கிக்கொள்ளும். வெளியே இழுக்கும் கொக்கி விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் போரில் அமெரிக்கப் பழங்குடியினரிடம் ராணுவ அதிகாரி கஸ்டரின் படை அழிந்ததற்கு இதுவே காரணம் என்று ரொம்ப நாள் சொல்லிவந்தார்கள். பிற்காலத்தில் அங்கே தோண்டிப் பார்த்த தொல்லியலாளர்களுக்குச் சிக்கிய கூடுகளின் தடயம் கிடைத்தது, ஆனால் தோல்விக்கே காரணம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. எப்படியோ, ராணுவம் பித்தளைக்கு மாறியது.

இன்று கூடு செய்யும் பித்தளை 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஓர் உலோகம் எவ்வளவு தூரம் நீண்டுவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும் என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: அதன் வலிமை அதிகமாக இருக்க வேண்டும், விறைப்பு குறைவாக இருக்க வேண்டும். எஃகின் விறைப்பு பித்தளையைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. ஒரே வலிமையில் எடுத்துக்கொண்டால், எஃகு திரும்பிச் சுருங்கும் அளவு பாதிதான். எஃகுக் கூட்டிலும் தோட்டா தயாரிக்கிறார்கள், விலையும் மலிவு. ஆனால் ரீலோடிங் செய்பவர்கள் அதைச் சீண்டுவதில்லை.

ஒரே கூட்டிலும் பித்தளை ஒரே மாதிரி இருக்காது. அடிப்பாகம் தடித்தது, கடினமானது. அழுத்தம் முழுவதையும் அங்கேதான் சேம்பர் சுவரின் உதவியில்லாமல் தாங்க வேண்டியிருக்கிறது. குண்டைக் கவ்விப் பிடிக்கும் கழுத்து மெல்லியது, மிருதுவானது. தொழிற்சாலையில் கழுத்தை மட்டும் தீயில் காட்டி மென்மையாக்குகிறார்கள். ராணுவத் தோட்டாக்களின் கழுத்துப் பக்கம் நீலமும் பழுப்புமாகத் தெரியும் கறை அந்தச் சூட்டின் அடையாளம்.

இந்தப் பித்தளையின் ஒரு பெரிய பலவீனம் தெரியவந்தது நம் நாட்டில்தான். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் சேமித்துவைத்த தோட்டாக்களின் கூடுகள், யாரும் தொடாமலே விரிசல் விட்டன. அதுவும் மழைக்காலத்தில். ‘பருவ விரிசல்’ என்று பெயர் வைத்தார்களே தவிர, காரணம் பிடிபடவில்லை. 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் விளக்கம் தந்தார்கள். தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, மழைக்கால ஈரத்தோடு சேர்ந்து பித்தளையைத் தாக்கியது. அம்மோனியா மட்டும் போதாது. கூட்டை அழுத்தி உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிப்போன இழுவிசையும் கூடியபோதுதான் பிளவு வந்தது. லேசாகச் சூடுபடுத்தி அந்த இழுவிசையைத் தணித்தால் பிரச்சினை தீர்ந்தது. அம்மோனியா கலந்த பாலிஷ் போட்டுக் கூடுகளைத் துடைக்காதே என்று ரீலோடிங் கையேடுகள் இன்றும் எச்சரிப்பதற்குப் பின்னால் இருப்பது இந்த லாயங்கள்தான்.

சரி, பொறுக்கி வந்த கூட்டை என்ன செய்கிறார்கள்? முதலில் மணி நீக்கிய மக்காச்சோளக் கதிரை உடைத்த துகளோடு அதிரும் பாத்திரத்தில் போட்டுச் சுத்தம். (அதில் பறக்கும் தூசியில் பிரைமரின் ஈயம் இருக்கும். வீட்டு ரீலோடிங்கில் தினசரி அபாயம் வெடிப்பு அல்ல, இந்தத் தூசி. கை கழுவாமல் சாப்பிடக்கூடாது.) அப்புறம் ஒரு கைப்பிடி பிரஸ்ஸில் ‘டை’ எனப்படும் எஃகு அச்சைப் பொருத்தி, கூட்டை அதற்குள் தள்ளுகிறார்கள். வீங்கிய சுவர் பழைய அளவுக்கு இறுகுகிறது. டையின் நடுவில் உள்ள ஊசி, தீர்ந்த பிரைமரைக் கீழே தள்ளிவிடுகிறது.

அந்த ஊசிக்கு வேலை இருப்பதற்குக் காரணம் எட்வர்ட் பாக்ஸர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி. 1860களில் அவர் வடிவமைத்த பிரைமருக்குக் கூட்டின் நடுவில் ஒரே துளை போதும். அதே காலத்தில் அமெரிக்கரான ஹைரம் பெர்டன் செய்த பிரைமருக்குப் பொதுவாக ஓரமாக இரண்டு துளைகள், ஊசி நுழையாது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கா ஆங்கிலேயரின் வடிவத்தை எடுத்துக்கொண்டது, ஐரோப்பிய ராணுவங்கள் பல அமெரிக்கரின் வடிவத்தை எடுத்துக்கொண்டன. ரீலோடிங் அமெரிக்காவில் வீட்டுப் பொழுதுபோக்காக வேரூன்ற இந்த ஒற்றைத் துளையும் ஒரு காரணம்.

கைத்துப்பாக்கிக் கூடுகள் பெரும்பாலும் நேர் உருளை. டங்ஸ்டன் கார்பைடு வளையம் வைத்த டையில் எண்ணெய்கூட இல்லாமல் வழுக்கிப் போகும். ரைஃபிள் கூடுகளுக்குத் தோளும் (உடல் கழுத்தாகக் குறுகும் இடம்) கழுத்தும் உண்டு; மசகு பூச மறந்தால் டைக்குள் சிக்கி, எடுக்கப் பெரும்பாடு. அதோடு ஒவ்வொரு முறை சுடும்போதும் ரைஃபிள் கூட்டின் பித்தளை கொஞ்சம் முன்னோக்கி நகர்கிறது. கழுத்து நீண்டுகொண்டே போகும். வெட்டி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த நீளம் எங்கிருந்து வந்தது? அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, சுவர் மெலிந்ததிலிருந்து. அதிகம் மெலிந்தால் அந்த இடத்தில் கூடு இரண்டாக முறியும். அதனால் அனுபவசாலிகள் கம்பி ஒன்றின் நுனியை வளைத்து, கூட்டின் உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பார்கள். பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கூட்டின் ஆயுள் முடிந்தது. டையைச் சரியாகப் பொருத்தி, தோளைத் தேவைக்குமேல் பின்னே தள்ளாமல் இருந்தால் ஆயுள் நீளும். கழுத்து அடிக்கடி வளைந்து கடினமாகிப் பிளப்பது இன்னொரு முடிவு. அதைத் தள்ளிப்போடத்தான் சிலர் வீட்டிலேயே கழுத்தைச் சூடாக்கி மென்மையாக்குகிறார்கள். அடிப்பாகத்துக்குச் சூடு ஏறிவிட்டால் தீர்ந்தது, அது மிருதுவாகி அழுத்தத்தைத் தாங்காது.

இனி மருந்து. பழைய கருமருந்து எரிந்தபின் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். புகையும் கரியும்தான் மிச்சம். 1884இல் பிரான்சில் பால் வியேய் நைட்ரோசெல்லுலோசிலிருந்து செய்த மருந்து, ஏறக்குறைய முழுவதும் வாயுவாக மாறியது. சில ஆண்டுகளில் பிரிட்டனில் ஏபலும் டுவாரும் நூல் கயிறாகப் பிழிந்தெடுத்த கார்டைட் வந்தது. குன்னூர் பக்கத்து அருவங்காட்டில் இருக்கும் ‘கார்டைட் ஃபேக்டரி’க்குப் பெயர் கொடுத்தது இதுதான்.

இந்த மருந்து வெடிப்பதில்லை, எரிகிறது. ஒவ்வொரு மணியும் மேற்பரப்பிலிருந்து அடுக்கடுக்காகக் கரைகிறது. அதனால் மணியின் உருவமே எரியும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. தட்டையான சிறு சில்லுகளுக்கு மேற்பரப்பு அதிகம், சீக்கிரம் எரியும். நடுவில் துளையுள்ள குழாய் மணி எரியும்போது வெளிப்பரப்பு சுருங்க, உட்பரப்பு விரிகிறது. மொத்தத்தில் ஒரே சீராக வாயு வரும். மேலே பூசும் தடுப்புப் பூச்சு தொடக்க வேகத்தை இன்னும் குறைக்கும். குட்டைக் குழலும் கனம் குறைந்த குண்டும் உள்ள கைத்துப்பாக்கிக்கு வேக மருந்து. நீண்ட குழலில் குண்டைத் தொடர்ந்து தள்ள வேண்டிய ரைஃபிளுக்கு மெதுவான மருந்து.

இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் முழு ஆபத்தும் இருக்கிறது. அழுத்தம் கூடக்கூட மருந்து எரியும் வேகம் கூடும். வேகம் கூடினால் அழுத்தம் மேலும் கூடும். குண்டு முன்னே நகர்ந்து இடம் கொடுப்பதுதான் இந்தச் சுழலுக்கு ஒரே கடிவாளம். ரைஃபிளில் வேக மருந்தை நிறைத்தால், குண்டு நகர்வதற்குள் அழுத்தம் எல்லை தாண்டிவிடும். துப்பாக்கி பிளந்துபோகும். அளவு சரியாக இருந்தும் குண்டை ஆழமாக அழுத்திவைத்தால் உள்ளே இடம் குறைந்து அழுத்தம் ஏறும், 9 மி.மீ. மாதிரிச் சின்னக் கூட்டில் இது இன்னும் கடுமை. ஆனால் வீட்டில் ரீலோடிங் செய்பவரிடம் அழுத்தமானி கிடையாது. அவரால் அளக்க முடிந்தது குண்டின் வேகத்தை மட்டும். அழுத்தத்தை அளந்தவர்கள், சென்சார் பொருத்திய சோதனைக் குழலில் சுட்டுப் பார்த்த மருந்து நிறுவனங்கள். அவர்கள் அச்சிடும் அட்டவணையை மீறினால் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

மருந்தை நிறுக்கும் அலகு ‘கிரெய்ன்’. ஒரு பவுண்டுக்கு 7,000. ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். இந்தத் துல்லியத்துக்கு இடையிலும் மிக மோசமான தவறு எளியது: ஒரே கூட்டில் இருமுறை மருந்து போட்டுவிடுவது. .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டா 1898இல் கருமருந்துக் கணக்கில் உருவானது, அதனால் கூடு பெரிது. இன்றைய வேக மருந்து அதன் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். இரண்டு பங்கு போட்டாலும் பிதுங்கி வழியாது, பார்த்தால் தெரியாது. நேரெதிர்த் தவறு, மருந்தே போடாமல் விடுவது. பிரைமரின் உந்துதல் மட்டும் குண்டைக் குழலுக்குள் பாதி வழியில் நிறுத்திவிடும். ‘டப்’ என்று மெலிதாகச் சத்தம் கேட்டும் அடுத்த தோட்டாவைச் சுட்டால், முன்னால் அடைப்பு, பின்னால் முழு அழுத்தம். தட்டில் வரிசையாக நிறுத்திய கூடுகளுக்குள் டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்ப்பது இதற்காகத்தான். டிவி பார்த்துக்கொண்டே செய்யும் வேலை அல்ல இது.

இவ்வளவு கஷ்டம் எதற்கு? பணம் மிச்சம் என்பார்கள். அபூர்வமான, விலை கூடிய தோட்டாக்களுக்கு அது உண்மை. மற்றபடி, மிச்சமாகும் காசில் இன்னும் அதிகமாகச் சுட்டுத் தீர்ப்பவர்களே அதிகம் என்று அவர்களே கிண்டலடித்துக்கொள்வார்கள். போட்டிகளில் தூரத்து இலக்கைச் சுடுபவர்களுக்குக் காரணம் வேறு. ஒவ்வொரு தோட்டாவும் ஒரே வேகத்தில் குண்டை அனுப்பினால்தான் தூரத்தில் குண்டுகள் ஒரே இடத்தில் விழும். ஆயிரம் கெஜத்தில், வேகத்தில் சிறு வித்தியாசம்கூட மேலும் கீழுமாகச் சிதறலாகத் தெரியும். மருந்தின் எடை, குண்டின் ஆழம், கழுத்தின் பிடிமானம் மூன்றையும் ஒருவரே தம் துப்பாக்கிக்கு ஏற்பச் சரிசெய்வதைத் தொழிற்சாலையால் செய்துதர முடியாது.

மருந்தைச் சேமித்துவைப்பதிலும் அதே இயற்பியல்தான். ஒரு பவுண்டு மருந்து மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவில் விற்கப்படுவதைப் பார்த்தால், இதைவிடக் கெட்டியான பெட்டியில் வைக்கக்கூடாதா என்று தோன்றும். கூடாது. அடைபட்டால்தான் அழுத்தம் ஏறும், ஏறினால்தான் வேகம் கூடும். தீப்பிடித்தால் பிளாஸ்டிக் டப்பா உடனே கிழிந்து வழிவிடும். மருந்து பெருஞ்சுடராக எரிந்து அடங்கும். இறுக மூடிய இரும்புப் பெட்டி அதையே வெடிகுண்டாக்கிவிடும். அமெரிக்கத் தீயணைப்பு விதிமுறைகள் வீட்டில் 20 பவுண்டு வரை மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே வைக்கச் சொல்கின்றன; அதற்கு மேல் வைப்பதென்றால் ஓர் அங்குலத் தடிமனுள்ள மரப்பெட்டி. தீயின் வெப்பம் உள்ளே போக மரம் நேரம் எடுத்துக்கொள்ளும். உள்ளே அழுத்தம் வந்தால் மூட்டுகள் முதலில் விட்டுக்கொடுத்துவிடும்.