வேர்வையில் நிக்கோட்டின் வெளியேறுமா?

சிகரெட்டை விட்டு ஆறு நாள் ஆன ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஜிம்முக்குப் போய் நல்லா வேர்க்க விட்டா உள்ளே இருக்கிற நிக்கோட்டின் எல்லாம் வெளியே வந்துடும், அப்புறம் தம் அடிக்கத் தோணாதுன்னு நண்பர் சொல்றாரு, உண்மையா சார்?" நண்பர் சொன்ன காரணம் தவறு, செய்யச் சொன்ன காரியம் சரி. இப்படி அமைவது அபூர்வம், அதனாலேயே கேள்வி எனக்குப் பிடித்துப்போனது.

காரணத்தை முதலில் முடித்துவிடுவோம். இரத்தத்தில் இருக்கும் நிக்கோட்டின் ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. கல்லீரல் அதைக் கோட்டினின் என்ற பொருளாக மாற்றிவிட, அது சிறுநீரில் போய்விடும். பாதி, அதில் பாதி என்று பத்து தடவை போட்டுப் பாருங்கள், ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதாவது கடைசி சிகரெட்டை அணைத்த மறுநாளே கணக்கு கிட்டத்தட்ட முடிந்தது. ஆறாம் நாள் வேர்வையில் வருவது வெறும் உப்பும் தண்ணீரும்தான். நுரையீரலைக் கழுவும் கஷாயம், ஏழு நாள் டீடாக்ஸ் பொடி என்று விற்கிறவர்கள் பிழைப்பதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்: தானாக நடக்கிற வேலைக்குப் பொடி பேர் வாங்கிக்கொள்கிறது.

சரி, நிக்கோட்டின் போயாயிற்று, ஆசை ஏன் போகவில்லை? புகையை இழுத்த 10 முதல் 20 வினாடிக்குள் நிக்கோட்டின் மூளைக்குப் போய், அசிட்டைல்கோலின் என்ற மூளைச் செய்திப் பொருளுக்கான ஏற்பிகளில் (அதாவது, அது வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களில்) உட்கார்ந்து, 'இன்னும் வேண்டும்' என்று தூண்டும் டோபமைனைச் சுரக்க வைக்கிறது. நாள்பட்டால் மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும், விட்டதும் அத்தனையும் காலியாகக் கிடந்து கூப்பாடு போடும். எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனம் நிற்காமை எல்லாம் முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஏற்பிகளும் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் புகைக்காதவர்களின் அளவுக்கு வந்து சேர்கின்றன.

விஷயம் இவ்வளவுதான் என்றால் சபரிமலைக்கு மாலை போட்டவர்களில் பாதிப் பேராவது அதோடு சிகரெட்டை விட்டிருக்க வேண்டும். என் பெரியப்பா நாளைக்கு ஒரு பாக்கெட் ஆள். கார்த்திகை பிறந்து மாலை போட்டுவிட்டால், 41 நாளோ ஒரு மண்டலமென்று 48 நாளோ, ஒரு முணுமுணுப்பு இல்லாமல் இருப்பார். மலை இறங்கி வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே தெருமுனை டீக்கடையில் கையில் புகையோடு நிற்பார். அவர் உடம்புக்கு அப்போது நிக்கோட்டின் தேவையே இல்லை. அந்த பெஞ்சு, அந்த கிளாஸ், பக்கத்தில் யாரோ தீக்குச்சி உரசும் சத்தம், இவைதான் அவரைக் கூப்பிட்டன. விரதத்தில் இருந்தபோது கருப்பு வேட்டி, வெறுங்கால், விடியற்காலைக் குளியல், 'சாமி' என்று கூப்பிடுகிற ஊர். பழைய தூண்டுதல்களை அவர் கண்ணில் படவிடாமல் ஊரே மறைத்து வைத்திருந்தது.

டோபமைனின் குணம் அப்படி. கிடைக்கிற பொருளுக்காக மட்டும் அது சுரப்பதில்லை, பொருள் வரப்போகிறது என்ற அறிகுறிக்கே சுரக்கப் பழகிவிடும். நாளைக்கு 15 சிகரெட், ஒவ்வொன்றுக்கும் 10 இழுப்பு என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 54,750 தடவை ஒப்பித்த பாடம் அது.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை வருகிறது. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் டெய்லரும் கூட்டாளிகளும், ஓர் இரவு முழுக்கப் புகைக்காமல் இருந்தவர்களைத் திரைமுன் உட்காரவைத்தார்கள். திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படம்: ஒன்றில் சிகரெட் சமாசாரம், இன்னொன்றில் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று. விழி எந்தப் படத்துக்கு முதலில் தாவுகிறது, எவ்வளவு நேரம் அங்கே நிற்கிறது என்பதைக் கருவி குறித்துக்கொள்ளும். ஆசை எவ்வளவு என்று வாயால் கேட்டால் மரியாதைக்கு எதையாவது சொல்லிவைக்கலாம், ஆனால் விழி அடுத்த கால் வினாடியில் எங்கே தாவ வேண்டும் என்று யாரும் யோசித்து முடிவெடுப்பதில்லை, அது மூளையின் அடித்தளத்து அவசரம். சும்மா உட்கார்ந்திருந்த நாளில் விழி சிகரெட் பக்கம் சாய்ந்தது. அதே ஆட்கள் 15 நிமிடம் மிதமான வேகத்தில் சைக்கிள் மிதித்துவிட்டு வந்து உட்கார்ந்த நாளில் அந்தச் சாய்வு குறைந்துவிட்டது! அதே மனிதர், அதே பசி, விழி மட்டும் வேறு பக்கம் போகிறது.

அந்தக் குழு 2009-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில் 10 பேர், 15 மணி நேரம் புகைக்காமல் இருந்து, எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்தபடி சிகரெட் படங்களைப் பார்த்தார்கள். சும்மா இருந்த நாளில், வெகுமதியோடும் பார்வைக் கவனத்தோடும் தொடர்புள்ள மூளைப் பகுதிகள் படத்தைக் கண்டதும் கிளர்ந்தன. 10 நிமிடம் சைக்கிள் மிதித்த நாளில் அதே படத்துக்கு அந்தப் பகுதிகள் அவ்வளவாக எழும்பவில்லை. இது வெறும் கவனத் திருப்பல்தானே என்று கேட்கலாம். மிதிக்கும்போது மட்டும் ஆசை குறைந்தால் அப்படிச் சொல்லலாம். இறங்கிய பிறகும் இருபது, முப்பது நிமிடம் குறைந்தே இருக்கிறது. 60 பேரை வைத்து டெய்லர் 2007-இல் செய்த நடைச் சோதனையில், எரியும் சிகரெட்டைக் கையில் கொடுத்துக்கூட சீண்டிப் பார்த்தார்கள். 15 நிமிடம் வேகமாக நடந்தவர்கள் ஆய்வகத்தை விட்டுப் போய் அடுத்த சிகரெட்டைப் பற்றவைக்க, சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட 57 நிமிடம் தாமதமானது.

அப்படியானால் உடற்பயிற்சி செய்தால் பழக்கம் ஒழிந்துவிடுமா? அங்கேதான் உதைக்கிறது. 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 281 பெண்களில் கடும் பயிற்சி செய்தவர்களில் 11.9 சதவீதம் பேரும், மற்றவர்களில் 5.4 சதவீதம் பேரும் ஓராண்டுக்குப் பிறகும் புகைக்காமல் இருந்தார்கள். ஆனால் 2019-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 24 ஆய்வுகளை, ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கூட்டிப் பார்த்தபோது, நீண்டகாலத்தில் பழக்கத்தை விடுவதற்குப் பயிற்சி கூடுதலாக உதவுகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

எனக்கு இதில் பெரிய முரண் தெரியவில்லை. வாரத்துக்கு மூன்று நாள், திங்கள் காலை ஆறு மணி வகுப்புக்குப் போகிறோம். ஆசை வருவதோ செவ்வாய்க்கிழமை மேனேஜர் கத்திவிட்டுப் போன பிறகு. மழை நின்ற பிறகு குடை பிடித்த கதை. ஆசை எழுந்த அந்த நிமிடத்தில் நடக்கச் சொல்லிப் பெரிய அளவில் சோதிக்க வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். மாத்திரைக்குப் பின்னால் கம்பெனி நிற்கிறது, நடைக்குப் பின்னால் யார் நிற்பார்கள்? செருப்புக் கம்பெனியா? என் கையில் ஆராய்ச்சி நிதி இருந்தால் மாலை போட்ட சாமிகள் நூறு பேரை மலைக்கு முன்னும் பின்னும் அந்த விழிக் கருவி முன்னால் உட்காரவைப்பேன்.

வாசகருக்கு: ஜிம் சந்தா கட்டுவது உங்கள் இஷ்டம். ஆசை எழும்போது எழுந்து பத்து நிமிடம் வேகமாக நடங்கள், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். (நெஞ்சுவலி, இதயக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு.) முதல் வாரம் தாங்க முடியவில்லை என்றால் நிக்கோட்டின் சூயிங்கம்மையும் வைத்துக்கொள்ளலாம், பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணிலும் பேசலாம். டீக்கடை இருக்கும் திசைக்கு எதிர்த் திசையில் நடங்கள். டீயை வீட்டிலேயே குடித்துவிடுங்கள், அதையும் கொஞ்சம் குறைத்து. புகையில் இருக்கும் தார்ப்பொருள்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு காஃபினை வேகமாகச் சிதைக்க வைத்திருந்தன. இப்போது அந்த முடுக்கம் இல்லாததால் அதே கிளாஸ் டீ இரத்தத்தில் ரொம்ப நேரம் நிற்கும், ராத்திரி மூன்று மணிக்கு முழித்துக்கொண்டு படபடப்பாக இருப்பதை சிகரெட் ஆசை என்று நினைத்துவிடப் போகிறீர்கள்.