கரோசல்: கொணர்வியா, ராட்டினமா, கறங்கா?

மருமகளுக்குப் பள்ளியில் மொழிபெயர்ப்புப் பயிற்சி. மேடை நாடகம் ஒன்றைப் பற்றிய பந்தியில் 'கரோசல்' என்ற சொல் வந்திருக்கிறது; பிள்ளைகள் மரக்குதிரையில் ஏறிச் சுற்றும் அந்தப் பொறிதான். கைபேசியிடம் கேட்டிருக்கிறாள்; அது 'கொணர்வி' என்றதாம். "மாமா, கொணர்வியில குதிரை சுத்துது எண்டு எழுதினா சரியா?" என்று கொப்பியோடு வந்து நின்றாள்.

சரியில்லை. கொணர்வி என்றால் கொண்டுவந்து தருவது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பயணப்பெட்டிகளைச் சுமந்து வளைய வருகிறதே ஒரு பட்டி, ஆங்கிலத்தில் அதுவும் கரோசல்தான். அதற்குக் கொணர்வி பொருந்தும். மரக்குதிரை எதைக் கொண்டுவருகிறது? ஏறின இடத்திலேயே இறக்கிவிடுகிறது. பாட்டுக்காரருக்கும் கதைக்காரருக்கும் அதன்மேல் இவ்வளவு ஆசை வந்ததே அதனால்தான்.

சொல் இத்தாலியில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. இத்தாலியில் 'கரோசெல்லோ' என்பது குதிரைவீரர்களின் விளையாட்டுப் போட்டி. 1662 ஜூன் மாதம் பதினான்காம் லூயி பாரிஸ் அரண்மனை முன்றலில் அப்படியொரு விழா எடுத்தார். அந்த இடம் இன்றும் கரோசல் சதுக்கம்தான். பாய்ந்து போகிற போக்கில், தொங்கும் வளையத்தை ஈட்டியால் குத்தி எடுக்க வேண்டும். அதற்குப் பழகக் கம்பத்தைச் சுற்றும் மரக்குதிரைகள் செய்தார்கள். பிறகு போட்டி ஒழிந்தது, பழகுபொறி பிள்ளைகளின் கைக்கு வந்தது. வளையம் மட்டும் விட்டுப்போகவில்லை: அமெரிக்காவில் ஓரத்துக் குதிரையில் இருப்பவர் எட்டிப் பறிக்கப் பித்தளை வளையம் வைத்திருந்தார்கள். வலக்கை வெளிப்பக்கம் இருக்க வேண்டுமே, அதனால் அங்கே இடஞ்சுழியாகச் சுற்றும். இங்கிலாந்தில் வலஞ்சுழி.

1860களில் நீராவி வந்தது. பின்னர், 1890களில், துளையிட்ட அட்டையைப் படித்துத் தானாக வாசிக்கும் ஆர்கன் பெட்டியும் வந்தது. அதில் வால்ட்ஸ் என்ற ஐரோப்பிய நடன மெட்டுகள் நிறைய. மூன்று மூன்றாக எண்ணும் தாளம். நம் ஆட்கள் 'தகிட தகிட' என்பார்கள், திஸ்ரம். இன்றும் ஒரு படத்தில் அந்தப் பெட்டி ஒலி மெல்ல இழுபட்டு நின்றால், குதிரையைக் காட்டாமலே குழந்தைக்காலம் முடிந்துவிட்டது என்று விளங்கிவிடும். அல்லது ஏதோ கெட்டது நடக்கப் போகிறது என்று.

மருமகளின் பந்தியில் இருந்தது 1945இல் நியூயோர்க்கில் மேடையேறிய 'கரோசல்' இசைநாடகம். ஹங்கேரிய நாடகமான 'லிலியோம்' அதன் மூலம். நாயகன் ராட்டினத்துக்கு ஆள் கூப்பிடுகிறவன். தொடக்கத்தில் பேச்சே கிடையாது. ராட்டினம் சுற்ற வால்ட்ஸ் மட்டும் ஒலிக்கும். லிவர்பூல் உதைபந்தாட்ட அணியின் ரசிகர்கள் மைதானத்தில் கழுத்துத் துண்டைத் தூக்கிப் பிடித்துப் பாடுகிறார்களே, அந்தப் பாட்டும் இந்த நாடகத்தில் வருவதுதான். இங்கே திருகோணமலையில் அந்த அணியின் சட்டையைப் போட்டுத் திரிகிற பெடியன்கள் எத்தனை பேர்!

சரி, தமிழுக்கு வருவோம். ராட்டினம் முதலில் விளையாட்டுப் பொருள் இல்லை. நூல் நூற்பதும் ராட்டினம், தமிழ்நாட்டில் கிணற்றுக் கப்பியும் ராட்டினம். வடமொழியில் நீரிறைக்கும் சக்கரம் 'அரகட்டம்'. இந்தியின் 'ரஹட்', மராத்தியின் 'ரஹாட்' அதன் வழி வந்தவை. நம் ராட்டினமும் அவற்றுக்கு உறவு. சிக்கல் என்னவென்றால், இந்தச் சொல்லைக் கேட்டதும் பாதிப் பேருக்கு மேலே போய்க் கீழே வரும் பெரிய சக்கரம்தான் நினைவுக்கு வரும். அது வேறு கதை சொல்வது: செல்வம் வண்டிச்சக்கரம் போல உருளும் என்று நாலடியார் சொல்லும் கதை. கரோசலில் உயர்வு தாழ்வு பெரிதாக இல்லை, திரும்பி வருவதுதான் உண்டு. சிங்கள ஊர்களில் புத்தாண்டுக்குக் கட்டும் 'கத்துரு ஒஞ்சில்லாவ'வும் மேல்கீழ்ச் சக்கரமே. அந்த ஒஞ்சில்லாவ நம் ஊஞ்சல்தான், சொல்லிவைக்கிறேன்.

சின்ன வயதில் இங்கே கார்னிவல் வந்தபோது ஏறிய ராட்டினத்துக்கு மோட்டார் இல்லை. சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர் உள்வட்டத்தில் குனிந்து தள்ளிக்கொண்டே ஓடுவார். என் குதிரைக்கு ஒரு காது இல்லை. உடைந்த இடத்திலும் நீலப் பெயின்ற் பூசியிருந்தார்கள். மைதான ஓரத்தில் ஊர் மான்கள் நாலைந்து நின்றன. ஒவ்வொரு சுற்றிலும் அதே மான்கள், அதே கடலைக்காரர். இறங்கிய பிறகும் அவை சுற்றிக்கொண்டிருந்தன. அந்த ராட்டினத்தின் கிரீச்சென்ற ஒலியை நினைக்காமல் சுழற்சியை மட்டும் என்னால் நினைக்க முடிவதில்லை.

இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் சொல் பழந்தமிழில் இருக்கிறது: கறங்கு. கறங்குதல் என்றால் சுழல்தல், ஒலித்தல் இரண்டும். 'கறங்குவெள்ளருவி' என்று சங்கப் பாட்டில் வருவது ஒலித்து விழும் அருவி. கறங்கோலை, காற்றில் சுழலும் ஓலைக் காற்றாடி. பொருளைச் சொல்லக் 'குதிரை ராட்டினம்' போதும். கொணர்வி பெட்டிகளோடு இருக்கட்டும். பாட்டிலும் இசையிலும் வரும் அந்தப் படிமத்துக்குக் கறங்கு என்று எழுதலாம் என்பது என் கட்சி.

மருமகள் இவ்வளவையும் கேட்டுவிட்டுக் 'குதிரை ராட்டினம்' என்று எழுதினாள். "மற்றதை எழுதினா டீச்சர் சிவப்புப் பேனையால வெட்டிப்போடுவா, மாமா."