குழந்தைக்கு எதற்குப் பேரின்பம்?

"புதுப் பொம்மையைக் கண்ட குழந்தை பேரின்பம் அடைந்தது" என்று ஒரு மொழிபெயர்ப்புக் கதையில் வாசித்ததும், அது வீடுபேறே எய்திவிட்டதோ என்று ஐயுற்றேன். ஆங்கில மூலத்தில் இருந்த சொல் 'டிலைட்' (delight). இந்தப் பெயர்ப்பை எத்தனையாவது முறையாகக் காண்கிறேன் என்ற கணக்கும் விட்டுப்போயிற்று.

ஈர்த்து வசப்படுத்துதலைக் குறிக்கும் இலத்தீன் வினையின் வழிவந்த 'டெலெக்டாரே' பழைய பிரெஞ்சைக் கடந்து ஆங்கிலத்தில் 'டிலைட்' ஆயிற்று. சுவையைக் குறிக்கும் 'டெலிஷஸ்' இதற்கு உறவு. ஒளியைக் குறிக்கும் 'லைட்' உறவன்று, 16ஆம் நூற்றாண்டில் அதைப் பார்த்து எழுத்துக்கூட்டல் மட்டும் மாறியது.

பெரிய இன்பம் என்பதால் பேரின்பம் என்பது பெயர்ப்பாளர் கணக்கு. ஆனால் சமய நூல்களில் சிற்றின்பத்துக்கு எதிராக நிறுத்தப்பட்டு, புலன்களைக் கடந்த, முடிவில்லாத நிலைக்கென்றே வழங்கிவரும் சொல் அது. டிலைட்டோ கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவதொன்றால் எழுந்து சற்று நேரத்தில் அடங்கிவிடுவது. பேரானந்தம் என்று மாற்றினாலும் குற்றம் அதேதான். களிப்பு நெருங்கி வருகிறது என்றாலும், 'களித்தறியேன் என்பது கைவிடுக' என்னும் குறளில் களித்தல் கள்ளுண்டலையே குறிப்பதால், அச்சொல்லில் மயக்கத்தின் சாயல் இன்னும் இருக்கிறது.

உரிய சொல் உவகை. தொல்காப்பியம் அதை எட்டு மெய்ப்பாடுகளுள், அதாவது உடலில் வெளிப்பட்டுத் தோன்றும் உள்ளத்துணர்வுகளுள், ஒன்றாக வைத்து, செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகிய நான்கும் அதன் நிலைக்களன்கள் என்கிறது. விளையாட்டில் பிறக்கும் உவகை என்று இலக்கணமே வகுத்திருக்க, பொம்மைக்காகப் பேரின்பம் வரை ஏன் போகவேண்டும்? தன் மகனைச் சான்றோன் எனக் கேட்ட தாய் 'பெரிதுவக்கும்' என்று வள்ளுவர் எழுதியதும் இந்த உணர்வைத்தான். ஒரு செய்தி காதில் விழுகிறது, உள்ளம் துள்ளுகிறது.

உவகை பழஞ்சொல், வாசகருக்கு விளங்காது என்பார்கள். அப்படிச் சொல்வோரே 'மனமுவந்து நன்கொடை அளித்தார்' என்று தயங்காமல் எழுதுகிறார்கள். 'பொம்மையைக் கண்ட குழந்தை உவகையில் துள்ளியது' என்பதில் விளங்காதது என்ன? ஆயினும் 'டிலைட்ஃபுல்' வரும் இடமெல்லாம் 'உவகையான' என்று ஒட்டவைப்பதை நான் ஏற்கமாட்டேன். அங்கே பெரும்பாலும் 'இனிய' போதும்.